ஊருக்குள் திரும்புங்கள்

மகனின் கல்லூரிப் படிப்பு குறித்து விசாரித்துவர அண்மையில் உத்தமபாளையம் சென்றிருந்தேன். 1956 முதல் அங்கு இயங்கிவரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியை உங்களில் பலர் அறிவீர்கள். மதுரையில் போடி ரயிலேறித் தேனியில் இறங்கி, பேருந்தில் அவ்வூரை அடைந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. இருவரும் காலை உணவு உண்ணவில்லை.

பெரிய உணவகத்தில் இடமில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டுத் திண்ணை, இரண்டு பலகைகள், புகையேறிய சுவர், பெயர்ப்பலகை கிடையாது.

"இதுவா கடை, அத்தா?" என்றான் மகன். நானும் திரும்ப எத்தனித்தேன். அடுப்பருகே இருந்த மூதாட்டி என் தொப்பியைப் பார்த்தார்.

"எங்க அடுப்புல கறி, மீனு ஏறுறதில்ல பாய். யோசிக்காம உக்காருங்க."

என் தயக்கத்திற்கு அவர் மார்க்கப் பேணுதலைக் காரணமாகக் கண்டார். உண்மைக் காரணமோ அந்தச் சுவர்தான்! வெட்கத்துடன் அமர்ந்தேன்.

வாழையிலையில் ஆவி பறக்கும் இட்லி; அதன்மேல் மொச்சையும் கத்தரிக்காயும் இட்ட புளிக்குழம்பு. குழம்பின் மணமே பாதிப் பசியைத் தீர்த்தது. மகன் மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கி உண்டான். அரிசி அக்கம்பக்கத்து வயலில் விளைந்தது என்றார் மூதாட்டி. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895இல் நிறைவுற்றது. அந்நீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைகிறது. மொச்சை, ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தது. தேநீரில் தட்டிப்போட்ட ஏலக்காய், போடிச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்குவது. ஒரு வட்டாரம் முழுவதும் எங்கள் இலையில் கூடியிருந்தது.

"முன்ன எட்டுப் படி அரிசி ஊறப்போடுவேன் பாய். பைபாஸ் வந்த பெறகு வெளியூர் வண்டி உள்ள வர்றதில்ல. இப்ப மூணு படிதான்" என்றார்.

இருவருக்கும் அறுபது ரூபாய். நூறு ரூபாயைக் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறிற்று. "வித்ததுக்கு உள்ள காசு போதும்" என்று நாற்பது ரூபாயை மகன் கையில் வைத்து மூடினார்.

தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. ஆண்டுதோறும் அதனைப் பாடமாக நடத்துகிற நான், அன்று ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பேன்.

குடும்பத்தோடு பயணம் செய்யும் சகோதர சகோதரிகளே! புறவழிச்சாலை நேரத்தை மிச்சப்படுத்துகிறது, மறுப்பதற்கில்லை. எனினும் ஒருவேளை உணவுக்கேனும் ஊருக்குள் திரும்புங்கள். விசாரித்து, மனம் திருப்தியுற்ற இடத்தில் அமருங்கள். விலையில் பேரம் பேசாதீர்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள்.

ஊர் திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "அடுத்த தடவை அம்மாவையும் அங்கே கூட்டிட்டுப் போவோமா அத்தா?"

இன்ஷா அல்லாஹ், போவோம். அதுவரை அந்த மூன்று படி குறையாதிருக்க வேண்டும்.