ஒன்றில் ஒன்று போனால் இரண்டு

பல்பும் சூரியனும் தருகிற வகையான வெப்ப ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்குச் சராசரியாக 1 ஃபோட்டான். அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் சராசரி எவ்வளவு? பூஜ்யம்னு தோணும். விடை 2.

குவாண்டம் வகுப்பில் அழிப்பு ஆபரேட்டரை எழுதி, "எண்ணிக்கையில் ஒன்று குறையும்" என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம். எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த நிலைக்கு மட்டும்தான் அது சரி. இதை ஆபரேட்டரில் தொடங்காமல் நிகழ்தகவில் தொடங்கணும் என்பது என் கட்சி.

ஏன்னா, ஆய்வகத்தில் நடப்பது வெறும் கழித்தல் இல்லை. ஒளியின் ஒரு துளியை மட்டும் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி, அங்கே ஒரு டிடெக்டர். 'க்ளிக்' வந்த துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறார்கள். சராசரி 1 உள்ள வெப்ப ஒளியில் பாதித் துடிப்புகள் காலி! காலித் துடிப்பு க்ளிக் தராது. கூட்டம் அதிகமான துடிப்புதான் அதிகம் தரும். ஹாஸ்டல் லிஸ்டில் கண்ணை மூடி ஒருத்தனைப் பிடித்து, "உன் ரூம்ல இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்பது மாதிரி. காலி ரூம் கணக்கிலேயே வராது, நெரிசலான ரூம்தான் அடிக்கடி மாட்டும். ஆற்றல் சும்மா வரலைங்க, பொறுக்கி எடுத்திருக்கோம்.

லேசர் இன்னும் அழகு. அதில் எண்ணிக்கை பாய்சான் பரவல்; ஒன்றை எடுத்தாலும் சராசரி அப்படியே நிற்கும். கணித பேப்பருக்காக மனப்பாடம் செய்த பாய்சானுக்கு இப்படி ஒரு குணம் இருப்பதை யாராவது சொன்னாங்களா?

கூட்டுவதிலும் இதே பாரபட்சம். தூண்டு உமிழ்வு காரணமாக, ஏற்கனவே ஃபோட்டான் நிறைய இருக்கும் துடிப்பில்தான் புதியது எளிதாகச் சேரும். அதனால் வெப்ப ஒளியின் சராசரி 1 என்பது 2 ஆகாமல் 3 ஆகிறது. லேசர் ஒளியில் ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று 1991-லேயே அகர்வாலும் தாராவும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

வரிசையும் முக்கியம். கழித்துவிட்டுக் கூட்டினால் காலித் துடிப்பே மிஞ்சாது. கூட்டிவிட்டுக் கழித்தால் மிஞ்சலாம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பெல்லினி குழு, சுழலும் தேய்த்த கண்ணாடி வழியே லேசரைச் செலுத்தி வெப்ப ஒளியாக்கி, இரண்டு வரிசையும் வெவ்வேறு ஒளியைத் தருவதை 2007-இல் காட்டியது. ஆபரேட்டர்கள் இடம் மாறினால் விடை மாறும் என்று போர்டில் ஒரே வரியில் எழுதுகிறோமே, அதே விஷயம்தான்.

இதைச் சரிபார்க்க லேப் கூட வேண்டாம். பைத்தானில் இருபது வரி போதும். இன்று ராத்திரியே ஓட்டிப் பாருங்க.