பாக்கைத் துறவியாக்காதீர்கள்

யோஹான் செபாஸ்டியன் பாக் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரே சித்திரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மங்கிய மெழுகுவர்த்தி வெளிச்சம், குழல் ஆர்கனின் முன் குனிந்த ஒரு முதுகு, பொன்னையும் புகழையும் வேண்டாத மனம், இறைவனுக்காக மட்டுமே பெருகும் இசை. அழகான சித்திரம்தான். ஆனால் அது பொய். தீங்கு விளைவிக்கும் பொய் என்பதே என் கட்சி.

இந்தச் சித்திரம் நமக்கு எங்கிருந்து வந்தது? இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். நம்மில் பலர் பாக்கின் பெயரை முதலில் அறிந்தது அதன் வழியாகத்தான். இசையளவில் அந்த இணைப்பில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாம் இசையோடு நிற்கவில்லை. தஞ்சை அரசவையின் அழைப்பை மறுத்து உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவர் என்று மரபு போற்றும் தியாகராஜரின் வாழ்வையும் எடுத்துப் பாக்கின் மேல் போர்த்திவிட்டோம். பாக்கோ அரசவைப் பட்டம் கேட்டு விண்ணப்பித்தவர். 1733இல், பின்னாளில் ‘பி மைனர் மாஸ்’ ஆக விரிந்த படைப்பின் முதற்பகுதியைச் சாக்சனி மன்னருக்கு அனுப்பிவைத்துப் பட்டம் வேண்டினார். 1736இல் அது கிடைத்தது.

அவருடைய ஆர்கன் வாழ்க்கையும் பணிவின் கதையன்று. 1703இல், பதினெட்டு வயதில், ஆர்ன்ஸ்டாட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாளரானார். 1705இல் நான்கு வாரம் விடுப்புப் பெற்று, புக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்க லூபெக் நகருக்கு நடந்தார். ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். திரும்பி வந்தபோது மாதங்கள் கடந்திருந்தன. தேவாலய நிர்வாகம் விளக்கம் கேட்டது. பிரார்த்தனைப் பாடல்களில் விசித்திரமான சுரங்களைக் கலந்து சபையாரைக் குழப்புகிறார் என்ற குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்துகொண்டது. 1717இல் வைமர் அரண்மனை வேலையிலிருந்து விடுவிக்கும்படி பிடிவாதம் பிடித்ததற்காக ஏறத்தாழ நான்கு வாரம் சிறையில் இருந்தார்.

1723இல் லைப்சிக் நகரின் காண்டோர் பதவி. இப்போது அவர் ஆர்கன் வாசிப்பவர் அல்லர். நகரத் தேவாலயங்களின் இசைக்கே பொறுப்பாளர். டெலிமானும் கிரௌப்னரும் கிடைக்காமற்போன பிறகே நகரசபை இவரை அமர்த்தியது. முதலிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ வாரம் ஒரு காண்டாட்டா என்ற வேகத்தில் எழுதிக் குவித்தார். 1730 ஆகஸ்டில் அதே சபைக்கு ஒரு மனு எழுதுகிறார். தேவாலய இசைக்குக் குறைந்தது 18 வாத்தியக்காரர்கள் வேண்டும். இருப்பவர்கள் 8 பேர். பள்ளி மாணவர்களில் 17 பேர் தேறியவர்கள், 20 பேர் இனிமேல்தான் தேற வேண்டும், 17 பேர் இசைக்கே லாயக்கற்றவர்கள். டிரெஸ்டனில் மன்னர் இசைக் கலைஞர்களுக்கு எப்படிச் சம்பளம் தருகிறார் என்று போய்ப் பாருங்கள் என்கிறார். பிழைப்புக் கவலை இல்லாதபோது கலை எப்படிச் செழிக்கிறது என்பது தெரியும். அதே மாதத்தில் நகரசபை விவாதித்தது என்ன தெரியுமா? பாக்கின் வருமானத்தைக் குறைப்பது பற்றி!

இரண்டு மாதம் கழித்து, நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் வேறு வேலை தேடித்தருமாறு கேட்கிறார். அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு சவ அடக்கங்களில் பாடுவதற்கான கட்டணம். முந்தைய ஆண்டு நகரத்தில் காற்று நன்றாக இருந்து சாவு குறைந்ததால் நூறு தாலருக்கு மேல் நட்டம் என்று கணக்குச் சொல்கிறார். நம் கட்டுரையாளர்கள் இந்தக் கடிதத்தைத் தொடுவதில்லை. தொட்டால் ஒளிவட்டம் கலைந்துவிடும் என்ற அச்சம் போலும்.

எனக்கு ஒன்றும் கலையவில்லை. கையெழுத்துப் பிரதிகளின் இறுதியில் ‘தேவனுக்கே மகிமை’ என்று பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளை இட்ட கையும், சாவுக் கட்டணத்தைக் கணக்கிட்ட கையும் ஒன்றுதான். தேவனுக்குப் படைக்கும் இசைக்கு எட்டு வாத்தியம் போதாது என்று சண்டையிட்டதைவிடப் பெரிய பக்தி எது?

“பற்றாக்குறைதானே அவரைப் பெரியவராக்கியது?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மனுவுக்குப் பிந்தைய ஆண்டுகளைப் பாருங்கள். தேவாலயத்துக்குப் புதிதாக எழுதும் வேகம் அடங்கிவிட்டது. வெள்ளிதோறும் காப்பிக்கடையில் வாசித்த இசைக்குழுவில் அவர் மனம் சென்றது. பற்றாக்குறை எத்தனை காண்டாட்டாக்களை நமக்குக் கிடைக்காமலாக்கியது என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். ஒரு கல்லூரி விழாவுக்கு அழைக்கப்பட்ட நாகசுரக் கலைஞர் தம் கட்டணத்தைச் சொன்னபோது, “கலையைக் காசாக்குகிறார்” என்று முகம் சுளித்தவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். அந்த அறையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். கலைஞன் துறவியாக இருக்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்களின் ஆசை.

லைப்சிக் நகரசபையும் அப்படித்தான். பாக் உயிரோடிருந்தபோதே, 1749 ஜூனில், அவருடைய இடத்துக்கு இன்னொருவரைச் சோதனைக் கச்சேரி செய்ய வைத்தது. மறு ஆண்டு ஜூலையில் பாக் இறந்தார். பாடகியாக இருந்தவரும், அவருடைய எத்தனையோ பிரதிகளைத் தன் கையால் படியெடுத்தவருமான மனைவி அன்னா மக்தலேனா, 1760இல் அதே நகரத்தில் தர்மப் பணத்தை அண்டி வாழ்ந்து இறந்தார்.

அடுத்த முறை பாக் பற்றி எழுதுகிறவர்கள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு இதை எழுதட்டும்.