பதிவேடு அவர்களிடம், தேடும் பாடு நமக்கு

பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, நகல் வேண்டும் என்று கேட்டுப் போகிறவரிடம் ஒரு விண்ணப்பத் தாளை நீட்டுகிறார்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பிறந்த இடம் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தால் கீழே பதிவு எண், பதிவு செய்த தேதி என்று இரண்டு கட்டங்கள் நிற்கின்றன. அந்த எண் எதில் அச்சாகியிருக்கும்? தொலைந்துபோன அந்தச் சான்றிதழில்தான். "நம்பர் தெரியாதா? அப்போ தேடித்தான் பார்க்கணும். அடுத்த வாரம் வாங்க" என்கிறார் எதிரே இருப்பவர். அந்த அடுத்த வாரம் எத்தனை வாரம் நீளும் என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

என் தங்கையின் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். அம்மாவைச் சில காலம் தன்னோடு வைத்துக்கொள்ள சூப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்க நினைத்தான். இவர்தான் என் தாய் என்று காட்ட அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் தாயின் பெயர் இருக்கிறதே என்று அவன் சொன்னது எடுபடவில்லை. அவன் பிறந்தது 1996. தலைப்பிரசவம் என்பதால் தங்கை எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். டெல்டா மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அங்கிருந்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தான். பிறகு அவர்கள் சென்னைக்குப் போய், வாடகை வீடு மாறி மாறி, எந்த மாற்றத்திலோ அந்தக் காகிதம் போய்விட்டது. வாடகைக் குடித்தனக்காரர்களின் வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். நகல் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே?

சென்னையில் குடியிருப்பதால் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கை நினைத்திருந்தாள். முடியாது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். அதனால் இங்கே ஏராளமான பேருடைய பிறப்புப் பதிவு, அவர்கள் வளர்ந்த ஊரில் இல்லை. அம்மாச்சி வீட்டு ஊரில் இருக்கிறது. அந்தத் தாத்தாவும் அம்மாச்சியும் போய்ச் சேர்ந்து, வீட்டையும் விற்றுவிட்டு, அந்த ஊரில் தெரிந்த முகமே இல்லாத காலத்தில்தான் இந்தக் காகிதத்துக்குத் தேவை வருகிறது. வேலைக்கு விடுப்புப் போட்டு, இரவு பஸ் பிடித்து, காலையில் அலுவலக வாசலில் நின்றால், "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்று பதில் வருகிறது.

எந்த அலுவலகம் என்பதிலேயே பாதிப் பேர் தடுமாறிப் போகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. பேரூராட்சி என்றால் அதன் அலுவலகம். கிராமம் என்றால் புதுப் பதிவுகள் கிராம நிர்வாக அலுவலரிடம். பழைய பதிவேடுகளோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். பத்திரம் பதிகிற இடத்தில் போய்ப் பிறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வி.ஏ.ஓ. ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன பிறகுதான் யாராவது இதைச் சொல்கிறார்கள். வாசலிலேயே ஒரு பலகையில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் போதும், எத்தனையோ வயதானவர்களின் நடை மிச்சமாகியிருக்கும்.

எல்லை மாற்றங்கள் வேறு. 2011இல் அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று புது மாவட்டங்கள் பிறந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. நிர்வாகத்துக்கு இவையெல்லாம் தேவையாக இருக்கலாம். ஆனால் ஊராட்சியாக இருந்தபோது அங்கே பிறந்தவன் இன்றைக்குப் போய்க் கேட்டால், "அந்த ரிஜிஸ்டர் எங்ககிட்ட வரல, பழைய ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். பழைய அலுவலகத்தில், "எல்லாத்தையும் அனுப்பிட்டோமே" என்கிறார்கள். அரசாங்கம் கோடு மாற்றிப் போட்டதற்கு அவன் ஏன் அலைய வேண்டும்?

நல்லது நடந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2018 முதல் தமிழ்நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் இணையத்தில் ஏறுகின்றன. அண்மையில் பிறந்த குழந்தையென்றால் வீட்டிலிருந்தே சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாநகராட்சி தன் இணையதளத்திலிருந்து கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ள வசதி செய்து வைத்திருக்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்தச் சான்றிதழுக்காக இன்று அல்லாடுகிறவர்கள் ஐந்து வயதுக் குழந்தைகள் இல்லையே. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிற்றூர்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய பதிவு ஓரம் கிழிந்து, மை மங்கி, பீரோவுக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கும் பேரேட்டில் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்ற எந்த ஊரில் ஆள் வைத்தார்கள், எந்த ஊரில் வைக்கவில்லை என்பது அந்தந்த ஊர்க்காரரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

தேடுவதற்கும் கட்டணம் உண்டு. ஆண்டு சரியாகத் தெரியவில்லை என்றால் தேடுகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வீட்டில் பிறந்து, "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்று மட்டும் தாய் நினைவு வைத்திருக்கிற ஒரு மனிதருக்கு இது என்ன நியாயம்? பேரேட்டை அகரவரிசைப்படுத்தி வைக்காதது அலுவலகம். அந்தக் குறைக்கான பணத்தைக் கட்டுவது அவர்.

எங்கள் விஷயத்தில், "அந்த வருஷத்து ரிஜிஸ்டரில் இல்லை" என்று முதலில் கைவிரித்தார்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். பதிவில் காணப்படவில்லை என்று எழுத்தில் தருவதற்கும் முறை இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கோட்டாட்சியரிடம் போய், ஓராண்டு கடந்த பிறப்பைப் புதிதாகப் பதிவு செய்ய உத்தரவு கேட்க முடியும். எழுத்தில் கேட்டதும் மறுபடி தேடினார்கள். கிடைத்தது. அதே பேரேடு, அதே பக்கம். எழுதிக் கேட்கத் தெரியாமல், "இல்லை" என்ற வாய்வார்த்தையை நம்பித் திரும்பிப்போன பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்களில் சிலரை வாசலில் நிற்கும் புரோக்கர்கள் மடக்கிக்கொள்கிறார்கள். உள்ளே கிடைக்காத பதிவு வெளியே பேரம் படிந்ததும் கிடைத்துவிடுகிறது என்று பக்கத்து டீக்கடையிலேயே பேசிக்கொண்டார்கள்.

கிடைத்த பதிவில் குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. ஆண் குழந்தை, தகப்பனார் பெயர், தாயார் பெயர், அவ்வளவுதான். இதுவும் நம் வழக்கத்தோடு சேர்ந்தது. சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் தெரிவித்துவிடுவார்கள். நம் வீடுகளில் பெயர் வைப்பது முப்பதாம் நாளோ மூன்றாம் மாதமோ, குலதெய்வக் கோயிலில் மொட்டை அடிக்கும்போதோ. அந்தப் பெயரைக் கொண்டுபோய்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று தாய்க்கு யார் சொன்னார்கள்? முதல் ஓராண்டுக்குள் கட்டணமில்லை, பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்பது விதி. 2000க்கு முன் பதிவானவர்களுக்கு அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்தும் வந்திருக்கிறது. அந்த அறிவிப்பு செய்தித்தாளின் மூலையில் நான்கு வரியாக வந்து போகும். டொராண்டோவில் இருக்கும் பையனுக்கோ மாம்பலத்தில் இருக்கும் அவன் தாய்க்கோ அது எப்படிப் போய்ச் சேரும்? ஒரு மனிதன் தன் பெயரைத் தன் பிறப்போடு சேர்த்துக்கொள்ள எதற்குக் கெடு?

பெயர் இருந்தாலும் நிம்மதி இல்லை. ராஜு, ராஜூ, லட்சுமி, லெட்சுமி. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்து கூடினால் வெளிநாட்டுத் தூதரகம் வேறு ஆள் என்கிறது. தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் ஒரு சிக்கல், எழுதாவிட்டால் இன்னொரு சிக்கல். அதற்கு முந்தைய தலைமுறைக்கோ தேதியே சிக்கல். ஐந்து வயது நிரம்பவில்லை என்று வாத்தியார் தாமே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. பிழைக்க வழிகாட்டிய அந்த வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்குப் பேரேட்டில் உண்மைத் தேதி கிடைத்தால் அது பள்ளிச் சான்றிதழோடும் பாஸ்போர்ட்டோடும் மோதுகிறது. பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்பதால் அதைத் திருத்தவும் முடியாது. மற்ற எல்லாவற்றையும் மாற்ற ஆயுள் போதாது.

இந்தக் காகிதத்தின் மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது. ஆதார் அட்டையைப் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்பதை வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2024 ஜனவரியில் நிறுத்தியது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். அந்த அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிறுவ இது ஒன்றே ஆதாரம். இவ்வளவு பாரத்தையும் ஒரே தாளின் மேல் ஏற்றிய அரசு, அந்தத் தாளை எடுத்துக்கொடுக்கும் மேசையில் யாரை உட்கார வைத்திருக்கிறது? கொசு மருந்து அடிப்பதையும் குப்பை வண்டியையும் டெங்குக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும் சுகாதார ஆய்வாளரை. அல்லது பக்கத்து கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பு சுமக்கும் வி.ஏ.ஓ.வை. அவர்களில் பலர் நல்லவர்கள். எங்கள் பதிவைக் கடைசியில் கண்டுபிடித்தவர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்தான் தேடினார். அவருக்கு உதவியாக ஓர் ஆள்கூட இல்லை.

அரசு மனம் வைத்தால் முடியும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2015 வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆவணங்கள் கூழானபோது, அந்த டிசம்பரிலேயே சிறப்பு முகாம் போட்டு நகல்களைக் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். பல துறைகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. அதை ஆண்டுக்கு ஒருமுறை தாலுகாவுக்குத் தாலுகா போட வெள்ளம் வர வேண்டுமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவைத் தேடச் சொல்லி நகல் பெறலாம் என்கிறது பதினேழாம் பிரிவு. புதிதாகப் பதிவாகும் பிறப்புக்கு ஏழு நாளுக்குள் இலவசமாகச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2023 திருத்தம் கெடு விதிக்கிறது. பதிவாளரின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதில் ஒரு வரியைக்கூட நான் போன எந்த அலுவலகச் சுவரிலும் பார்க்கவில்லை.

பழைய பேரேடுகள் அத்தனையையும் ஊர் விடாமல் கணினியில் ஏற்றுங்கள். எந்த ஊரில் பிறந்தவரும் எந்த இ-சேவை மையத்திலும் நகல் வாங்கும்படி செய்யுங்கள். பெயர் சேர்ப்பதற்கு இருக்கும் கெடுவை எடுத்துவிடுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டு நீங்களே தேடிக் கொடுங்கள். அரசிடம் கேட்பது இவ்வளவுதான். என் தங்கை மகனின் பெயர் சேர்ப்பு மனு இன்னும் ஒரு மேசையில்தான் கிடக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் 15 வயது தாண்டாத பிள்ளை இருந்தால், இன்றைக்கே பீரோவைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் ஏறியிருக்கிறதா, உங்கள் இருவர் பெயரும் பள்ளியில் கொடுத்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணை இன்னொரு நோட்டிலும் குறித்து வையுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்ச் சேர்த்துவிடுங்கள்.