தக்காளி நசுக்கும் கைகள்

நோயாளி தன் உடம்பைத் தானே செல்போனில் அளந்துகொள்வது கண்காணிப்பு அதிகாரத்தின் புதிய முகம், ஆகவே அதைத் தூக்கி எறி என்று நம் தோழர்கள் சிலர் பேசுகிறார்கள். ஃபூக்கோவைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன். அவர்களுக்கு இடது கால் மரத்துப்போவதில்லை, எனக்கு மரத்துப்போகிறது. நான் அளக்கிறேன். அளந்ததை யார் வாசிக்கிறார்கள், யார் வாசிக்க மறுக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

எனக்கிருப்பது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று போடுகிறார்கள். (தண்டுவடம் மட்டுமா, மூளையும் கண் நரம்பும் எங்கே போச்சு?) நரம்பு மேல் இருக்கிற மையலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துத் தின்கிறது. 1868-ல் பாரிசில் ஷார்கோ இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். இதன் குணமே வந்து வந்து போவது. திங்கட்கிழமை கேஷ் கவுண்டரில் நோட்டை எண்ண விரல் வராது, வியாழக்கிழமை வரும். வியாழக்கிழமை என்னைப் பார்க்கிறவன், "என்னப்பா, நல்லாத்தானே இருக்கே, எதுக்கு சீட் மாத்தக் கேக்குற?" என்கிறான்.

டாக்டர் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம். அவர் கையிலிருக்கிற அளவுகோல் கர்ட்ஸ்கே 1983-ல் விரித்தெழுதியது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நான்குக்கு மேலே போனால் அது பெரும்பாலும் நடையைத்தான் பார்க்கிறது. துணையில்லாமல் எத்தனை மீட்டர், கைத்தடியோடு எத்தனை மீட்டர். அசதி, மூத்திர அவசரம், கணக்கு ஓடாமல் மூளை நின்றுபோவது எல்லாம் அங்கே சின்னதாகிவிடும். அந்த ஆறு மாத இடைவெளிக்குள் நடப்பதைக் குறித்துவைக்க ஆப் உதவுகிறது. இதை மறுக்கிறவர் இந்த நோயோடு ஒரு வாரம் இருந்துபார்க்கட்டும்.

சரி, ஆப்பைக் கட்டியது யார்? ரோஷ் என்கிற சுவிஸ் மருந்துக் கம்பெனி 2018-ல் 'ஃபிளட்லைட்' ஆய்வைத் தொடங்கியது. திரையில் வரும் தக்காளிகளை இரண்டு விரலால் நசுக்க வேண்டும், கைத்திறன் தெரியும். உருவம் வரைய வேண்டும். குறிகளுக்கு எண் பொருத்த வேண்டும். இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் நாலு எட்டு வைத்தால் சுவர், அப்புறம் பீரோ. தெருவில் நடந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். திரட்டியதைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் இந்த நோய்க்கான ஓக்ரெலிசுமாப் மருந்தை விற்பதும் அதே கம்பெனிதான். மருந்தும் அவனுடையது, அந்த மருந்து வேலை செய்ததா என்று அளக்கிற கோலும் அவனுடையது. தராசை வியாபாரி கையில் கொடுத்துவிட்டு எடை சரியா என்று எவனைக் கேட்பது?

அப்புறம் வெயில். 1890-லேயே ஊட்டாஃப் எழுதிவைத்தார், உடம்பை வருத்தி உழைத்தால் பார்வை மங்குகிறது என்று. உறை உரிந்த நரம்பில் சூட்டில் சேதி தடுமாறும், ஆறினால் திரும்பிவிடும். அதற்குப் பெயர் நோய் கூடுவதல்ல. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய கோளாறு 24 மணி நேரமாவது நீடித்தால்தான் டாக்டர்கள் தாக்குதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மே மாதம் மத்தியானம் கரண்ட் போன வீட்டில் தக்காளி நசுக்கினால் கோடு சரியத்தான் செய்யும். ஆப்புக்கு கரண்ட் போனது தெரியாது. பயப்படுவது நாம்தான். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் நோட்டில் நான் எழுதுகிறேன்: எத்தனை மணி, விசிறி ஓடியதா, தூங்கினேனா, எப்போது சரியானது. தினமும் அளப்பதில்லை, வாரம் இரண்டு நாள் போதும். தினமும் அளந்தால் நோயைவிட எண் பெரிய நோயாகிவிடும். எண்ணைப் பார்த்து மாத்திரையை நானாகக் கூட்டுவதோ நிறுத்துவதோ கிடையாது.

இந்தக் குறிப்பை எங்கே காட்டுவது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 40 சதவீதம் இருந்தால்தான் பல உரிமைகள் திறக்கும். அந்தச் சதவீதத்தைப் போடுகிற குழு பார்ப்பது ஒரே ஒரு நாள் உடம்பை. ஆறு மாதக் குறிப்பை நீட்டினேன். "செல்போன்ல வர்றதெல்லாம் ஆதாரமா சார்?" என்று திருப்பித் தள்ளினார்கள். நான் வங்கியில் இருக்கிறவன். செல்போனில் வரும் ஆறு இலக்கத்தை நம்பி லட்சக்கணக்கில் கடன் போகிறதைத் தினமும் பார்க்கிறேன். கடன்காரனைப் பிடிக்க செல்போன் ஆதாரம், கால் மரத்ததுக்கு மட்டும் ஆதாரமில்லையா?

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் ஊழியருக்கு ஏற்ற வசதி செய்து தரவேண்டும், வேலையிலிருக்கும்போது ஊனமடைந்தவரைப் பதவி இறக்கக் கூடாது என்கிறது. விசிறிக்குக் கீழே சீட் கேட்பது சலுகையல்ல. 34-ஆம் பிரிவின் இடஒதுக்கீட்டு வகைகளில் இந்த நோயின் பெயரே இல்லை என்பது தனிச் சண்டை, அதைச் சங்கங்கள் எடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2023 தனிநபர் தரவுச் சட்டம், தகவலை எடுக்கும் முன் தரும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கிற வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. என் ஆப்பில் ஒப்புதல் தாள் இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கிராமத்திலிருந்து வருகிற நோயாளிக்கு பக்கத்திலிருப்பவன் 'சரி'யை அழுத்திக் கொடுக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அந்தத் தாளைத் தமிழில் சொல்ல நாலு பேர் வேண்டும். எண்களைக் காகிதத்தில் எடுத்து டாக்டரிடமும் குழுவிடமும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை கேட்கவும் ஆள் வேண்டும். முத்திரை போட மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள்.