மஞ்சப்பையில் சாம்பார் ஊற்ற முடியுமா?

திருவையாறு பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை வாழை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் தஞ்சாவூர் ஓட்டல்களில், தட்டு மேல் வாழையிலை மாதிரியே பச்சை அடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து இட்லி வைத்தார்கள். அந்தக் கண்றாவிக்கு 2019 ஜனவரி 1-ம் தேதி தமிழக அரசு தடை போட்டது. சந்தோஷம். இலை போட்டால் தட்டு கழுவத் தண்ணீர் வேண்டாம், எச்சில் இலை மாட்டுக்கு. மெஸ்காரருக்கும் லாபம்தான்.

இடிப்பது பார்சல் கணக்கு. காமர்ஸ் படித்த புத்தி, விடமாட்டேன் என்கிறது. தடைக்கு ஆறு வாரம் முன்புதான் கஜா புயல் டெல்டாவில் வாழையைச் சாய்த்துப் போட்டிருந்தது. சரி, இலையில் மடித்துப் பேப்பர் சுற்றலாம் என்றால், அச்சு மை ஆபத்து என்று 2016-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துவிட்டது. சாம்பாருக்கு டப்பாதான் கதி. பெரிய ஓட்டல் பில்லில் 'பார்சல் சார்ஜ்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். நாலு டேபிள் மெஸ்காரர் ரெண்டு ரூபாய் ஏற்றினால், கஸ்டமர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். அந்தக் கடையிலோ இன்னும் பாலித்தீன் கவரில்தான் சாம்பார்! சட்டத்தை மதிக்கிறவனுக்கு நஷ்டம், மீறுகிறவனுக்குக் கல்லா நிறைகிறது. (2019-ல் சிப்ஸ் கம்பெனி பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பாவம், ஏழைகள்!)

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்ல விஷயம். ஆனால் அதில் சாம்பார் ஊற்ற முடியாது சார். சின்னது, பெரியது எல்லா ஓட்டலுக்கும் ஒரே உத்தரவு போடுங்கள்: டப்பா விலை பில்லில் தனியாக வரவேண்டும்; தூக்குவாளி கொண்டுவந்தால் அந்தக் காசு கிடையாது. இதற்கு ஒரு கமிட்டி கூட வேண்டாம்.