குடியம் குகைக்கு எத்தனை வயது?

கோவில்பதாகை ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டியவரை சமவெளிதான். பாறை அடுக்குகளைப் பார்க்க, திருவள்ளூரைத் தாண்டிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், குடியம் காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்குள்ள குகையின் படத்தைப் போடுகிறவர்கள் 'பல லட்சம் ஆண்டு பழமையான குகை' என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று வெவ்வேறு வயதுகள் அதில் கலந்துவிடுகின்றன.

முதலாவது, பாறையின் வயது. குகைச் சுவரை நெருங்கிப் பார்த்தால் வழவழப்பான கூழாங்கற்கள், சிறிதும் பெரிதுமாக, மணலோடு இறுகிப் பதிந்திருப்பது தெரியும். ஓடும் நீரில் உருண்டு தேய்ந்த கற்கள் அவை. வெள்ளம் வேகமாக வந்தபோது பெருங்கற்கள் படிந்தன. வேகம் தணிந்தபோது மணல் படிந்தது. அடியில் இருப்பது மூத்த அடுக்கு. இவை படிந்து பத்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது டைனோசர்களின் காலம்.

இரண்டாவது, குகையின் வயது. மழைநீர் விரிசல்களில் இறங்கி, இறுக்கம் குறைந்த அடுக்குகளை அரித்தது. பிடிமானம் போன கூழாங்கற்கள் உதிர்ந்தன. தாங்கலற்ற பாறை பாளம் பாளமாக விழுந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே குகைக்கு ஒரு பிறந்த ஆண்டைச் சொல்ல முடியாது. பாறையைவிட அது மிக மிக இளையது.

மூன்றாவது, மனிதர் வந்த காலம். இப்பகுதியின் ஆதிமனிதர்கள் கைக்கோடரி செதுக்கியது குவார்ட்சைட் என்னும் கடினமான கற்களில்தான். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்திலும், பிறகு குடியத்துக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளை அடையாளம் கண்டார். அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அகழ்ந்தெடுத்த மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என 2011-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்தக் கருவிகள் எவ்வளவு காலம் மண்ணில் புதைந்திருந்தன என்று கணித்துச் சொன்ன வயது அது. அதைக் குடியம் குகையின் வயதாகச் சொல்வது தவறு.

அரிப்பு என்றாலே அழிவு என்று நினைக்கிறோம். அரிப்பு இல்லையேல் இந்தக் குகையே இல்லை. குடியம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுவரில் பெயர் கீறாதீர்கள், தரையில் கிடக்கும் கல்லை எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத கல்லுக்கு வயது சொல்வது ஆய்வாளருக்கும் அரிது.