இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுங்க

ராஜபாளையம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நாய், பஞ்சாலை, சிமென்ட். ஸ்ரீவில்லிபுத்தூர்னா? பால்கோவா, ஆண்டாள், 11 நிலைக் கோபுரம். சரி, இந்த ரெண்டு ஊர்லயும் இருக்கிற பழைய வீடுகள்? பஸ் ஜன்னல் வழியா நாலு வருஷமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா ஒரு வீட்டுக்காவது நம்மகிட்ட பிளான் இருக்கா?

நான் சிவில் ஃபைனல் இயர். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் இடியப்போகும் பழைய வீடுகளை அளந்து வரைந்து வைக்கும் வேலையை நம்ம டிபார்ட்மென்ட் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டாக ஏற்க வேண்டும். வீடு போனாலும் அதன் வரைபடமாவது மிஞ்சட்டும்.

முதலில் அந்த வீடுகளில் அப்படி என்னதான் இருக்கு என்று பார்ப்போம். பழையபாளையம், புதுப்பாளையம் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கமோ ஒரு பழைய மாடி வீட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாக அடுக்கிய சின்னச் சின்ன செங்கற்கள். நாம் 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரே வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போன கூரை இதுதான்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து தடவி, கட்டைகளுக்குக் குறுக்கே மூலைவாட்டில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கிக்கொள்ளும். அடியில் முட்டுப் பலகை, சென்ட்ரிங் எதுவும் கிடையாது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அதைக் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. நூறு வருஷம் தாண்டியும் நிற்கிற கூரைகள் இருக்கின்றன.

குறையும் உண்டு. சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனையில் ஈரம் இறங்கினால் மரம் உளுத்துவிடும். பராமரிக்காமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் இறங்கவும் செய்யும். ஆனால் கெட்டுப்போன கட்டையை மட்டும் எடுத்துவிட்டு வேறு கட்டை போடலாம். கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்ந்து விழும் ஆர்.சி.சி. ஸ்லாபில் ஒரு கம்பியை மட்டும் உருவி மாற்ற முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

மரத்தையும் செங்கல்லையும் மண்ணையும் சேர்த்துக் கட்டுவது நமக்கு மட்டும் சொந்தமான வித்தை இல்லை. காஷ்மீரில் 'தஜ்ஜி தேவாரி' என்று ஒரு முறை. மரச்சட்டத்தால் கட்டம் கட்டி, நடுவில் கல்லும் மண்ணும் அடைப்பார்கள். 2005 நிலநடுக்கத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்ததால், பாகிஸ்தான் பக்கத்தில் மறுபடி வீடு கட்ட அரசே இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஜெர்மனியில் இருக்கிறது, பெயர் 'ஃபாக்வெர்க்'. காலண்டர் படங்களில் பார்த்திருப்பீர்கள்: வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாக மரச்சட்டங்கள். அது அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வீட்டின் எடை முழுவதையும் அந்தச் சட்டங்கள்தான் தாங்குகின்றன. நடுவில் இருப்பது குச்சி பின்னிப் பூசிய களிமண்ணோ செங்கல்லோ, வெறும் அடைப்பு. சாய்வாகப் போகும் கட்டை எதற்கு? செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் போட்ட அதே ட்ரஸ் கணக்கு. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் நாக்கு, குறுக்கே மர ஆணி. பட்டறையில் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் அடையாளக் கீறல் போட்டு, மனையில் கொண்டுவந்து கோர்ப்பார்கள். இன்று நாம் பெருமையாகச் சொல்லும் ப்ரீஃபேப்ரிகேஷனை அன்றைய தச்சர்கள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

க்வெட்லின்பர்க் என்ற ஊரில் 1340-களில் கட்டிய அப்படி ஒரு வீடு இன்னும் நிற்கிறது. மரத்தின் வளையங்களை எண்ணி வருஷத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1965 வரை அதில் ஆள் குடியிருந்தார்கள். இப்போது அது மியூசியம். அந்த ஊரின் பழைய பகுதி 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் அதே பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டு, காசு இல்லாததால்தான் விட்டுவிட்டார்கள் என்பது தனிக் காமெடி.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை. ஹில்டெஸ்ஹைம் என்ற ஊரில் 1529-இல் இறைச்சிக்கடைக்காரர்கள் சங்கம் கட்டிய பெரிய மர வீடு, 1945 மார்ச்சில் குண்டு விழுந்து சாம்பலானது. அந்த இடத்தில் பிறகு ஒரு நவீன ஓட்டல் வந்தது. ஊர்க்காரர்களால் மறக்க முடியவில்லை. அந்த ஓட்டலை இடித்துவிட்டு, 1987-இலிருந்து 1989-க்குள் பழைய வீட்டையே மரத்தில் மறுபடி கட்டினார்கள். காசு இருந்தது, தச்சர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் பழைய வீடு எப்படி இருந்தது என்பதற்கு வரைபடமும் போட்டோவும் இல்லாமல் இருந்திருந்தால் எதைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள்?

இனி நம்ம ஊருக்கு வாங்க. இங்கே வீடு காப்பாற்றப்பட்ட கதையே இல்லையா? இருக்கு. 1949-இலிருந்து 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை இருக்கிறது. முதல்வர் வீடும் மன்னர் மாளிகையும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். பெயர் தெரியாத ஒரு வியாபாரியின் வீடு, ஒரு நெசவாளியின் வீடு, ஒரு வாத்தியார் வீடு? அவற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

"இடிக்காதீங்க" என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாலு பேருக்குப் பாகம் பிரிக்கணும். கார் நிறுத்த இடம் வேணும். பாத்ரூம் வீட்டுக்குள்ள வேணும். ஒரு தேக்கு உத்திரம் மாற்றும் செலவை அவர்தான் பார்க்கணும், நாம் இல்லை. அதனால் வீடு போகிறது. உத்திரமும் தூணும் நிலையும் காரைக்குடிப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அதோடு அந்த வீட்டைக் கட்டிய அறிவும் போகிறதே, அதைத் தடுக்க நம்மால் முடியும்.

பெரிய செலவும் இல்லை. நாலு பேர், ரெண்டு டேப், ஒரு தூக்குக்குண்டு, ஒரு போன். ரெண்டு நாள் போதும். பிளான், செக்‌ஷன், சுவர்க் கனம், கட்டையின் அளவு, கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி, செங்கல் அளவு. முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்பது வரைக்கும் குறித்துக்கொள்ளலாம். இடிக்கும்போது ஒரு துண்டு சுண்ணாம்புச் சாந்தை வாங்கி நம்ம லேபிலேயே சோதிக்கலாம். முக்கியமாக, சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கணும். அவர் சொல்வது நம்ம டெக்ஸ்ட் புக்கில் இல்லை.

"இதுல பிளேஸ்மென்ட்டுக்கு என்ன யூஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆர்.சி.சி.க்கு ஐ.எஸ். 456-ஐக் கரைத்துக் குடிக்கிறோம். மரக் கட்டமைப்புக்கும் ஐ.எஸ். 883 என்று ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சீனியர் செய்த அதே ஃப்ளை ஆஷ் பிராஜெக்ட்டைத் தலைப்பு மாற்றி சப்மிட் பண்ணுவதற்கு, நிஜமான ஒரு கட்டடத்தை அளந்து, அதன் எடை எப்படித் தரைக்கு இறங்குகிறது என்று கணக்குப் போட்டவன் இன்டர்வியூவில் பேச நாலு விஷயமாவது வைத்திருப்பான்.

ஜூனியர்ஸ், அடுத்த செமஸ்டர் டாபிக் கேட்கும்போது ஹெச்.ஓ.டி. கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. உங்க தெருவிலேயே ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் போய் முன்கதவு நிலையை மட்டுமாவது அளந்துட்டு வாங்க. ஜே.சி.பி. வர்றதுக்கு முன்னாடி போகணும், அவ்வளவுதான்.